பலி என்றால் வெட்டுவதா? ஆதிக் கிறிஸ்தவர்கள் நற்கருணையைப் புரிந்துகொண்ட விதம்

கத்தோலிக்கப் பங்குகளில் ஞாயிறு வழிபாட்டைத் திருப்பலி என்கிறார்கள், பேச்சில் பூசை. சி.எஸ்.ஐ., லுத்தரன் சபைகளில் அப்பமும் ரசமும் பகிரும் வழிபாடு திருவிருந்து. இரண்டு பக்கத்திலும் சொந்தக்காரர்கள் இருக்கிற வீடுகளில் ஒரு வாக்குவாதம் தவறாமல் வரும். "இயேசு ஒரே தடவை பலியானார் என்று வேதத்திலேயே இருக்கிறதே, அப்புறம் நீங்கள் ஏன் தினமும் பலி கொடுக்கிறீர்கள்?" என்பார் ஒருவர். "ஆதியிலிருந்தே அப்படித்தான்" என்பார் மற்றவர். "அதெல்லாம் ரோமாபுரி பிற்காலத்தில் சேர்த்தது" என்று பதில் வரும். சாப்பாடு ஆறிப்போகும்.

இருவர் சொல்வதிலும் பாதி சரி, பாதி தவறு. நற்கருணையைப் பலி என்று அழைக்கும் வழக்கம் மிகப் பழையது. அதைப் பிற்காலச் சேர்க்கை என்று தள்ள முடியாது. ஆனால் முதல் இரண்டு நூற்றாண்டுக் கிறிஸ்தவர்கள் அப்படி அழைத்தபோது மனத்தில் வைத்திருந்தது, இன்று நாம் பலி என்றதும் நினைக்கிற காட்சி இல்லை. என்ன நினைத்தார்கள், அது எப்படி வளர்ந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். நற்கருணை என்று இங்கே சொல்வது, இயேசுவின் கடைசி இரவுணவை நினைத்து அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் நன்றி சொல்லிப் பகிரும் வழிபாட்டை.

முதலில், பலி என்பது எது?

குலதெய்வக் கோயிலுக்குக் கிடா வெட்டப் போகிற குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். வெட்டு சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த நாள் அந்த நொடிகளால் ஆனது இல்லை. இது சாமிக்கு என்று மாதக்கணக்கில் முன்பே நேர்ந்துவிட்டிருப்பார்கள். சாமி முன் நிறுத்தி ஒப்படைப்பார்கள். பிறகு சமைத்துப் படைத்து, பங்காளிகள் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். பேசாமல் இருந்த அண்ணன் தம்பி அன்றைக்காவது பேசியாக வேண்டும். அதே கோயிலில் கிடா வெட்டாமல் பொங்கல் மட்டும் வைக்கிற குடும்பமும் இருக்கும். சாமிக்குப் படைத்தாயிற்று என்றுதான் அவர்களும் வீடு திரும்புவார்கள்.

கொடுப்பது, அது கடவுளுடையதாவது, திரும்ப உணவாக வந்து கொடுத்தவர்களை ஒன்றாக்குவது. வெட்டு இதில் வருகிற ஒரு படி, வராமலும் போகலாம்.

இயேசு காலத்து எருசலேம் ஆலயத்திலும் ஏறக்குறைய இந்த அமைப்புதான். விவிலியத்தின் லேவியர் நூலில் முதல் அதிகாரத்தைப் பாருங்கள். எரிபலிக்கான காளையை வெட்டுவது அதைக் கொண்டுவந்தவர். குருவின் வேலை ரத்தத்தைப் பீடத்தின்மேல் தெளிப்பதும், துண்டுகளைப் பீடத்தில் அடுக்கி எரிப்பதும். அப்படியானால் பலியின் மையம் கொல்வதில் இல்லை, பீடத்தில் ஒப்படைப்பதில் இருக்கிறது. இரண்டாம் அதிகாரம் முழுக்க மாவு, எண்ணெய், சாம்பிராணி காணிக்கைதான். ஆடு வாங்க முடியாதவர் இரண்டு புறாக்கள் கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவர் பாவம் போக்கும் பலியாகவே கொஞ்சம் மாவு கொண்டுவரலாம் என்று ஐந்தாம் அதிகாரம் சொல்கிறது. ஏழாம் அதிகாரத்தில் நன்றிப் பலி வருகிறது. அதோடு அப்பங்களும் சேர்த்துப் படைத்து, உறவினரோடு உண்பார்கள். ரோமர்கள் பக்கம் போனால், தீயில் ஒரு சிட்டிகை சாம்பிராணி போடுவதும், தரையில் கொஞ்சம் திராட்சை ரசம் ஊற்றுவதும்கூடப் பலிதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: அந்தக் காலத்து மனிதருக்குப் பலி என்பது கடவுளுக்கென்று ஒன்றைப் பிரித்து ஒப்படைத்து உறவைப் புதுப்பிக்கும் செயல். அப்பமும் ரசமும் பலியாகும் என்றால் யாருக்கும் புருவம் உயராது.

மூன்று மேசைகள்

கடைசி இரவுணவில் இயேசு கிண்ணத்தைக் கொடுத்து, இது உடன்படிக்கையின் ரத்தம் என்கிறார். கேட்ட யூதர்களுக்கு உடனே சீனாய் மலை நினைவுக்கு வந்திருக்கும். அங்கே மோசே பலியின் ரத்தத்தை மக்கள்மேல் தெளித்து இதே சொற்களைத்தான் சொன்னார். ஆக, தன் சாவை இயேசு பலியின் மொழியில் விளக்கிவிட்டு, என் நினைவாக இதைச் செய்யுங்கள் என்று ஒரு விருந்தைக் கையில் கொடுத்தார். சாவுக்கும் விருந்துக்கும் இடையே முடிச்சு விழுந்தது இங்கேதான்.

இதை முதலில் வாதமாக்கியவர் பவுல். கொரிந்து நகரத்துச் சபைக்கு 50களின் நடுவில் கடிதம் எழுதுகிறார். எருசலேம் ஆலயம் அப்போது இன்னும் நிற்கிறது, கி.பி. 70இல்தான் அது இடிக்கப்பட்டது. கொரிந்தில் சிலைகளுக்குப் படைத்த இறைச்சி எங்கும் புழங்கியது. புதிதாகக் கிறிஸ்தவரானவர்கள் பழைய நண்பர்களோடு கோயில் விருந்துக்கும் போனார்கள், ஞாயிறு அப்பத்துக்கும் வந்தார்கள். பவுல் மூன்று மேசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். இஸ்ரயேலர் பலியுணவை உண்டு பீடத்தோடு பங்குகொள்கிறார்கள். சிலைக்குப் படைத்ததை உண்பவர் பேய்களோடு பங்குகொள்கிறார். ஆண்டவரின் மேசையில் உண்பவர் கிறிஸ்துவோடு பங்குகொள்கிறார். இரண்டு பக்கமும் உட்கார முடியாது.

கவனியுங்கள்: நற்கருணை ஒரு பலி என்று பவுல் நேரடியாக எழுதவில்லை. ஆனால் மூன்று மேசைகளும் ஒரே வகையைச் சேர்ந்தவையாக இல்லாவிட்டால் அந்த ஒப்பீடே நிற்காது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை. ஒரு தரப்பு முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளும், இன்னொரு தரப்பு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

திதாக்கே என்ற சின்ன நூல்

1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிலோதெயோஸ் பிரையேனியோஸ் என்ற பேராயர் 1056ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கண்டெடுத்தார். அதற்குள் இருந்தது திதாக்கே: முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்த, சபை நடத்தும் கையேடு. மொத்தமே சில பக்கங்கள்.

அதன் 14ஆம் அதிகாரம் நம் கேள்விக்கு நேராக வருகிறது. ஆண்டவரின் நாளில் கூடி, அப்பம் பிட்டு, நன்றி செலுத்துங்கள். அதற்கு முன் உங்கள் பாவங்களை அறிக்கையிடுங்கள், உங்கள் பலி தூய்மையாக இருக்கும்படி. அயலாரோடு சண்டை போட்டவர் சமாதானம் ஆகும்வரை உங்களோடு சேர வேண்டாம், உங்கள் பலி தீட்டுப்படாதபடி. பிறகு மலாக்கி இறைவாக்கினர் சொன்னதைத் தனக்கு ஆதாரமாகக் காட்டுகிறது: எல்லா இடங்களிலும் கடவுளுக்குத் தூய காணிக்கை படைக்கப்படும். பின்னால் வந்த எழுத்தாளர்கள் பலரும் இந்த மலாக்கி வசனத்தை எடுத்தாண்டார்கள்.

வியப்பு எங்கே என்றால், இதே நூலின் 9, 10ஆம் அதிகாரங்களில் கிண்ணத்துக்கும் அப்பத்துக்குமான மன்றாட்டுகள் இருக்கின்றன. அவற்றில் சிலுவை பற்றி ஒரு சொல்லும் இல்லை! மலைகளின்மேல் சிதறிக் கிடந்தது ஒன்றுசேர்ந்து இந்த அப்பமானது போல உமது சபையும் ஒன்றுசேரட்டும் என்று வேண்டுகிறார்கள். வாழ்வுக்கும் அறிவுக்கும் நன்றி சொல்கிறார்கள். பலி என்ற பெயர் இருக்கிறது. அந்தப் பெயர் முதலில் நன்றியின்மேலும், சமாதானமான சபையின்மேலும் விழுகிறது. அந்தியோக்கியா ஆயர் இஞ்ஞாசியாரும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காட்டு விலங்குகளுக்கு இரையாவதற்காக ரோமுக்குக் கொண்டுபோகப்படும் வழியில் எழுதிய கடிதத்தில், ஒரே நற்கருணை, ஒரே பீடம், ஒரே ஆயர் என்கிறார். அங்கேயும் அக்கறை பிளவு வரக்கூடாது என்பதில்தான்.

கோயில் இல்லாதவர்களின் பலி

ரோமருக்கு இவர்களைப் புரியவே இல்லை. சிலை கிடையாது, கோயில் கிடையாது, ஆடு மாடு வெட்டுவதும் கிடையாது. இது என்ன மதம்? நாத்திகர்கள் என்றே பட்டம் கட்டினார்கள். ஏறக்குறைய 112இல் பித்தினியா ஆளுநர் பிளினி, பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் ஒரு குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், பிறகு மீண்டும் கூடிச் சாதாரணமான, குற்றமற்ற உணவை உண்கிறார்கள் என்று விசாரித்துச் சொல்கிறார். பலி இறைச்சி வாங்க ஆள் கிடைப்பதே அரிதாக இருந்தது, இப்போதுதான் மறுபடி விற்கத் தொடங்கியிருக்கிறது என்றும் சேர்த்துக்கொள்கிறார். அவருக்கு அதுவும் கவலைதான்.

நாத்திகப் பழிக்குப் பதில் சொல்லப் போய்த்தான் கிறிஸ்தவர்கள் தங்கள் பலி எது என்று யோசித்து எழுத வேண்டியிருந்தது. ஏறக்குறைய 177இல் அத்தேனாகோரஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதுகிறார்: படைத்தவருக்கு ரத்தமோ புகையோ தேவையில்லை, நாங்கள் செலுத்துவது ரத்தமில்லாத பலி, அறிவார்ந்த வழிபாடு.

அவருக்கு முன்பே, 155ஐ ஒட்டி, ரோமில் இருந்த ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர் ஞாயிறு வழிபாட்டை வெளியாருக்கு விவரித்திருந்தார். அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளோ இறைவாக்கினர் நூல்களோ வாசிக்கப்படும். தலைமை தாங்குபவர் அறிவுரை சொல்வார். எல்லாரும் எழுந்து மன்றாடுவார்கள். அப்பமும், தண்ணீர் கலந்த திராட்சை ரசமும் கொண்டுவரப்படும். தலைவர் தன்னால் இயன்ற அளவு நன்றி மன்றாட்டு சொல்வார்; அப்போது எழுதி வைத்த பாடம் இல்லை. மக்கள் ஆமென் என்பார்கள். வராதவர்களுக்குத் திருத்தொண்டர்கள் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். வசதி உள்ளவர்கள் கொடுக்கும் காசு அனாதைகளுக்கும் கைம்பெண்களுக்கும் நோயாளிகளுக்கும் சிறையில் இருப்பவர்களுக்கும் போகும்.

யூதரான திரிபோவோடு நடத்திய உரையாடலாக அவர் எழுதிய இன்னொரு நூலில், தகுதியானவர்கள் செலுத்தும் மன்றாட்டும் நன்றியும் மட்டுமே கடவுளுக்கு உகந்த முழுமையான பலிகள் என்கிறார். அதே மூச்சில், அந்த நன்றி அப்பத்தையும் ரசத்தையும் கொண்டு, இறைமகன் பட்ட பாடுகளின் நினைவாகச் செலுத்தப்படுகிறது என்கிறார். நன்றி, உணவு, பாடுகளின் நினைவு ஆகிய மூன்றும் ஒரே பின்னலாக இங்கே வந்துவிட்டன.

அப்பம் ஏன் முக்கியம்?

வெறும் மன்றாட்டு போதாதா, அப்பம் எதற்கு? இதற்குப் பதில் சொன்னவர் லியோன் நகரத்து ஆயர் இரனேயு. ஏறக்குறைய 180. அவருக்கு எதிரே ஞானவாதிகள் நின்றார்கள். அதாவது, இந்தப் பொருளுலகம் தாழ்ந்த ஒரு தெய்வத்தின் வேலை, உண்மைக் கடவுளுக்கு இதோடு சம்பந்தமில்லை என்று சொன்ன குழுக்கள். இரனேயு அவர்களைப் பார்த்துக் கேட்பது எளிய கேள்வி: உலகம் அவ்வளவு மோசம் என்றால், அதில் விளைந்த கோதுமையையும் திராட்சையையும் எடுத்துக் கடவுளுக்கு எப்படிப் படைக்கிறீர்கள்?

அவர் பார்வையில் நற்கருணை என்பது படைப்பின் முதற்கனி. கடவுளுக்கு நம்மிடமிருந்து எதுவும் தேவையில்லை; நன்றி கெட்டவர்களாகவும் பலன் தராதவர்களாகவும் ஆகாமல் இருக்க நமக்குத்தான் கொடுப்பது தேவை. பலி மனிதரைத் தூய்மையாக்குவதில்லை, கொடுப்பவரின் மனச்சாட்சிதான் பலியைத் தூய்மையாக்குகிறது என்றும் சொல்கிறார். திதாக்கேயின் சண்டைக்காரர் விதி நினைவுக்கு வருகிறதா?

நடைமுறையில் இந்த அப்பம் மக்கள் வீட்டிலிருந்து வந்தது. மூன்றாம் நூற்றாண்டில், வட ஆப்பிரிக்க நகரமான கார்த்தேஜில் ஆயர் சிப்ரியான் ஒரு பணக்காரப் பெண்ணைக் கடிந்துகொள்கிறார்: பலி இல்லாமல் ஆண்டவரின் இல்லத்துக்கு வருகிறாய், ஏழை கொண்டுவந்த பலியிலிருந்து உன் பங்கை எடுத்துக்கொள்கிறாய்! இந்த ஒரு கடிந்துரை, பல இறையியல் பக்கங்களைவிட நன்றாகச் சொல்கிறது. பலி என்பது அந்த ஏழை கையில் பிடித்து வந்த பொருள்.

இரண்டாம் நூற்றாண்டு முடிகிறபோது நிலைமை இது: நற்கருணை பலிதான். செலுத்தப்படுவது நன்றியும், அப்பமும் ரசமும். கிறிஸ்துவின் சாவு அதன் நினைவாக உள்ளே இருக்கிறது. அந்த நினைவு எப்படி வேலை செய்கிறது என்பதுதான் இனி விஷயம்.

நினைவு என்ற சொல்லின் கனம்

நமக்கு நினைவு என்றால் மனத்தில் ஓடும் ஒரு படம். யூத வழிபாட்டில் நினைவுகூரல் என்பது ஒரு செயல். எகிப்திலிருந்து விடுதலை பெற்றதைக் கொண்டாடும் பாஸ்கா இரவில் தந்தை மகனுக்குச் சொல்ல வேண்டியதை விடுதலைப் பயண நூல் எழுதித் தருகிறது: நான் எகிப்திலிருந்து வெளியேறியபோது ஆண்டவர் எனக்குச் செய்ததற்காக இதைச் செய்கிறேன். நான், எனக்கு என்று சொல்கிறார், பல நூறு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவரும்! கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னா, ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவர் தானே எகிப்திலிருந்து வெளியே வந்ததாகத் தன்னைப் பார்க்க வேண்டும் என்கிறது. எகிப்திலிருந்து வெளியேறியது ஒரே தடவைதான். ஆண்டுதோறும் பாஸ்கா உண்பவர் அதை மறுபடி நடத்துவதில்லை. நடந்து முடிந்ததற்குள் தானும் நுழைகிறார்.

கிரேக்கம் பேசிய கிறிஸ்தவர்கள் இதை அனம்னேசிஸ் என்றார்கள்: கடவுள் ஒரு தடவை செய்ததை அவர்முன் சொல்லி, அதில் இப்போது பங்குபெறுவது. இப்போலித்துவின் பெயரில் வழங்கும் அப்போஸ்தல மரபு என்ற நூலில் ஒரு நற்கருணை மன்றாட்டு இருக்கிறது. அதன் நடுவே வருவது: அவருடைய சாவையும் உயிர்ப்பையும் நினைவுகூர்ந்து, அப்பத்தையும் கிண்ணத்தையும் உமக்குச் செலுத்துகிறோம், நன்றி சொல்லி. நினைவுகூர்ந்து, செலுத்துகிறோம். இந்த இரண்டு வினைகளையும் இணைக்கிற அந்த மூட்டில்தான் முழுக் கருத்தும் உட்கார்ந்திருக்கிறது. நூல் ஒரே கையால் எழுதப்பட்டதா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஆனால் இந்த அமைப்பு பிற்காலத்தில் கிழக்கிலும் மேற்கிலும் வழங்கிய பல மன்றாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

சிப்ரியான் எடுத்த அடுத்த அடி

249இல் பேரரசரான டேசியுஸ் எல்லாரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி, செலுத்தியதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். அப்படிப்பட்ட பப்பைரஸ் சான்றிதழ்கள் எகிப்தில் கிடைத்திருக்கின்றன. பலர் பயந்து செலுத்திவிட்டார்கள். எந்தப் பீடத்தில் எதைச் செலுத்தினாய் என்பது உயிர்ப் பிரச்சினையான காலத்தில் சிப்ரியான் ஆயராக இருந்தார்.

253ஐ ஒட்டி அவர் எழுதிய 63ஆம் கடிதம் விசித்திரமான ஒரு சிக்கலைப் பற்றியது. சில இடங்களில் கிண்ணத்தில் திராட்சை ரசம் இல்லாமல் தண்ணீர் மட்டும் வைத்தார்கள். காலையிலேயே வாயில் ரச வாசனை வந்தால் கிறிஸ்தவர் என்று காட்டிக்கொடுத்துவிடுமே என்ற பயமும் ஒரு காரணம் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. சிப்ரியான் விடவில்லை. நாம் செலுத்தும் பலி ஆண்டவரின் பாடுகள். ஆகவே அவர் செய்ததைத்தான் நாம் செய்ய வேண்டும் என்கிறார். கிறிஸ்து செய்ததை அப்படியே செய்கிற குரு கிறிஸ்துவின் இடத்தில் நின்று செயல்படுகிறார் என்கிறார். முன்பு நன்றிப் பலிக்கு உள்ளே நினைவாக இருந்த பாடுகள் இப்போது செலுத்தப்படும் பொருளாகவே முன்வருகின்றன. குருவின் இடமும் உயர்கிறது. இன்றைய கத்தோலிக்கப் பேச்சு ஒருவருக்கு முதன்முதலில் காதில் விழுவது இங்கேதான். அது நடுக்காலம் கண்டுபிடித்தது இல்லை. ஆனால் திதாக்கேயில் இந்த வடிவில் இருந்ததும் இல்லை.

ஒன்று விட்டுவிடக் கூடாது. ரசத்தில் கலக்கும் தண்ணீர் மக்களைக் குறிக்கிறது என்கிறார் அவர். ரசம் மட்டும் இருந்தால் நாம் இல்லாத கிறிஸ்து, தண்ணீர் மட்டும் இருந்தால் கிறிஸ்து இல்லாத நாம்.

"ஒரே தடவை" என்ன ஆயிற்று?

வீட்டு வாக்குவாதத்தின் முதல் கேள்விக்கு வருவோம். கிறிஸ்து ஒரே தடவை தன்னைச் செலுத்தினார் என்று சொல்வது எபிரேயர் கடிதம். அந்தக் கடிதத்தை விளக்கும்போது, நான்காம் நூற்றாண்டின் இறுதியில் பேர்போன போதகராக இருந்த யோவான் கிறிசோஸ்தோமும் இதே கேள்வியைக் கேட்டுக்கொள்கிறார்: நாம் தினமும் செலுத்துகிறோமே? செலுத்துகிறோம், ஆனால் அவர் சாவை நினைவுகூர்ந்து என்று பதில் சொல்கிறார். பல இடங்களில் செலுத்தினாலும் கிறிஸ்து பலர் இல்லை. பலியும் வேறொன்று இல்லை, எப்போதும் அதேதான். அப்படிச் சொல்லிவிட்டு, இன்னும் சரியாகச் சொன்னால் பலியின் நினைவைச் செய்கிறோம் என்று திருத்திக்கொள்கிறார். அந்தத் திருத்தம் எனக்குப் பிடித்த இடம். அதே பலி, நினைவு என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று அவரை யாரும் நெருக்கவில்லை. இரண்டும் அவருக்கு ஒரே விஷயத்தின் இரண்டு பெயர்கள்.

அவர் காலத்தவரான ஹிப்போ ஆயர் அகுஸ்தீன் சிப்ரியானின் தண்ணீரைக் கடைசிவரை கொண்டுபோனார். கடவுளின் நகரம் என்ற நூலின் பத்தாம் புத்தகத்தில், சபை செலுத்தும் காணிக்கையில் சபையே செலுத்தப்படுகிறது என்கிறார். கிறிஸ்து தலை, சபை உடல். தலை தன்னைச் செலுத்தியபோது செய்ததை உடல் நாள்தோறும் கற்றுக்கொள்கிறது. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களிடம், மேசைமேல் வைத்திருப்பது உங்கள் மறைபொருள்தான் என்கிறார்.

கலந்துவிடும் இன்னொரு கேள்வி

பெரும்பாலான வாக்குவாதங்கள் சிக்கிக்கொள்வது பலி என்ற கேள்வியோடு இன்னொன்றைக் கலப்பதால். அப்பமும் ரசமும் உண்மையிலேயே கிறிஸ்துவின் உடலும் ரத்தமுமா? இது உடனிருப்பு பற்றிய கேள்வி. இஞ்ஞாசியாரும் ஜஸ்டினும் இதில் ஆம் என்கிற மாதிரி அழுத்தமாகவே பேசுகிறார்கள். அதே ஜஸ்டின் பலி என்று வரும்போது நன்றியைத்தான் முதலில் சொல்கிறார். ஒன்றுக்கு ஆம் என்றால் மற்றதற்கும் தானாக ஆம் ஆகிவிடாது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லுத்தரையே பாருங்கள். 1520இல் பூசையைப் பலி என்பதை அவர் கடுமையாகத் தாக்கினார். ஆனால் கிறிஸ்து அப்பத்தில் உண்மையாக இருக்கிறார் என்பதைக் கடைசிவரை விடவில்லை. அவருக்குப் பதில் சொல்வதற்காகக் கூட்டப்பட்ட கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து சங்கமும் இரண்டையும் ஒரே அமர்வில் போட்டுக் குழப்பவில்லை. உடனிருப்பை 1551இல் 13ஆம் அமர்வில் எடுத்தது. பலியை 1562இல், 22ஆம் அமர்வில்.